மச்சான் ஓடிய நாற்பது நாள்

மச்சான் முதல் நாள் ஷூவுக்குக் கயிறு கட்டத் தெரியாமல் கொப்பரை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. என் மனைவியின் அண்ணன் அவர். காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்து முப்பது பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர். முப்பத்தெட்டு வயது வரைக்கும் அந்தக் கால்கள் தோல் செருப்பைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, "இதை எப்படீங்க மாப்ள முடி போடறது? நடுரோட்டுல அவுந்துபோச்சுன்னா என்னங்க பண்றது?" என்று கேட்டார். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவருக்கு அது சிரிப்பான காரியமில்லை. சர்க்கரை வந்திருக்கிறது, உடம்பைக் குறைக்க வேண்டும், மெதுவாக ஓடிப் பழகுங்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இதே சர்க்கரையால் அவர் அப்பாவுக்கு ஒரு கால் போயிருந்தது. கடைசி ஆறு வருஷம் அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே களத்து ஆட்களை ஏவிக்கொண்டிருந்ததை மச்சான் கூடவே இருந்து பார்த்தவர். "எங்கப்பனாட்டக் கட்டல்ல உக்காந்துக்கிட்டு ஏவறவனா நானும் ஆயிரக்கூடாதுங்க மாப்ள. அது ஒண்ணுதானுங்க எனக்கு" என்றார். அதற்காகத்தான் என்னைப் பிடித்தார்.

எனக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை. கோயமுத்தூரில் படித்தபோது கல்லூரிக்காக ஐயாயிரம் மீட்டர் ஓடிக் கோப்பை வாங்கியவன் நான். தொண்ணூறுகளின் நடுவில் வேலை மாற்றலாகிக் காங்கேயத்துக்கே வந்து, மச்சான் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். புதிதாக ஓடுகிறவன் கொஞ்சம் ஓட வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம் போதும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? அவர் பக்கத்தில் அந்த வேகத்தில் ஓட எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு மைல் தள்ளி வாய்க்கால் பாலம். விடிகிற நேரத்துக்குக் கிளம்பி, நான் ஒரே மூச்சில் அங்கே போய்க் கட்டைச்சுவரில் உட்கார்ந்துகொள்வேன். அவர் ஓடியும் நடந்தும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றும் வந்து சேருவார். "ஏனுங்க மச்சான், வழியில தூங்கீட்டீங்களா?" என்பேன். அவரும் சிரிப்பார். கொஞ்ச நாளில் காத்திருப்பதும் சலித்துப்போய், பாலத்தைத் தாண்டி இன்னும் ஒரு மைல் போய்த் திரும்ப ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வளர்ந்த ஆள் ஒருத்தர் ரோட்டில் ஓடினால் ஒரே அர்த்தம்தான்: வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. பார்த்தவர்கள் சும்மா போக மாட்டார்கள். சைக்கிளை நிறுத்துவார்கள், "ஏனுங்க, ஆருக்கு என்னாச்சுங்க?" என்று கூடவே ஓடி வருவார்கள். ஒருநாள் நான் மூச்சிரைக்க ஊர் எல்லைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். பின்னால் பால்காரர் மொபெட் சத்தம். இரண்டு பால் கேனுக்கு நடுவில், கால்களை அகட்டிக்கொண்டு, மச்சான்! என்னைக் கடந்து போகும்போது கையை வேறு தூக்கிக் காட்டினார். வீட்டில் போய்க் கேட்டதற்கு, "எதுக்கால போயிட்டிருந்த மனுசன் வண்டியத் திருப்பீட்டு வந்து, 'ஏறுங்க, ஆசுபத்திரிக்குங்களா ஊட்டுக்குங்களா'ன்னு நிக்கறாரு. வேண்டாமுன்னா அவரு மொகம் வாடிப்போகுமுங்க மாப்ள" என்றார். அதுதான் அவர். அடுத்தவர் முகம் வாடக்கூடாது என்பதற்காகத் தன் ஓட்டத்தையே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்த மனிதர்.

அப்படியும் விடாமல் வந்துகொண்டிருந்தார். நாற்பதாம் நாளுக்கு மறுநாள் என் மகளுக்குக் காதுகுத்து, வெள்ளகோவில் பக்கத்துக் குலதெய்வம் கோயிலில். தாய்மாமன் என்றால் அன்றைக்கு அவர்தான் எல்லாம். சீர்த்தட்டுகளோடு தலையில் உருமாலை கட்டி வந்து, குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தவைத்தார். அது வீறிட்டபோது அவர் கண்ணும் கலங்கியது. பிறகு பந்தி. இரண்டு பக்கத்துச் சொந்தம், ஒரம்பரை எல்லாம் இலையில் உட்கார்ந்திருந்தது. மாமன் மச்சானுக்குள் கேலி பேசலாம், யாரும் கோவித்துக்கொள்ளக்கூடாது. எங்களுக்குள் அது பாத்தியதை. அந்தத் தைரியத்தில் எடுத்துவிட்டேன். "எங்க மச்சான் ஓட்டத்துல என்னையே ஜெயிச்சவருங்க. நான் கால்ல ஓடுனேன், அவரு பால் கேன்ல ஓடுனாரு" என்று ஆரம்பித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பதையும், மொபெட்டில் கால் அகட்டி உட்கார்ந்ததையும் எழுந்து நின்று நடித்தே காட்டினேன். பந்தி குலுங்கியது. "பெட்ரோல் ஆருதுங்க?" என்று எவனோ கேட்டான். மச்சான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். "ஆமாமுங்க, மாப்ள சொன்னாச் செரிதான்" என்றார். இலையில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

மறுநாள் காலையில் போனேன். "தேங்கா லோடு வருதுங்களாமா, நீங்க போயிட்டு வாங்க தம்பி" என்றார் அக்கா. அடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாள் நான் அந்தத் தெருவுக்கே போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி என் வேகத்துக்கு ஓடலாம். ஒரு வார்த்தை, "வாங்க மச்சான், இன்னிக்கு உங்ககூடவே வாரேன்" என்ற ஒரே வார்த்தை போதும், அவர் வந்திருப்பார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாவி.

போன தை மாதம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவருக்கு இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன். "அன்னிக்குப் பந்தில நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாதுங்க மச்சான்."

"அட, அதைய இன்னுமா நெனச்சுட்டிருக்கறீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையால் போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "காதுகுத்துக்கு மொத நாளு, ஊட்டுல இருந்து பாலம் வரைக்கும் நிக்காம ஓடியாந்துபோட்டனுங்க மாப்ள. ஒரு எடத்துலயும் நிக்கலீங்க. நீங்க பாலத்துக்கு அக்கட்ட போயிட்டிருந்தீங்க. கையத் தட்டிக் கூப்புட்டனுங்க. அதையத்தான் மக்யாநாளு காதுகுத்துப் பந்தில சொல்லலாமுன்னு இருந்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அந்த வயதில் ஓடும்போது நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்தவனில்லை.

"பாத்தனுங்க மச்சான்" என்றேன்.

அவர் தலையணையிலிருந்து நிமிர்ந்து, கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்த அக்காவைப் பார்த்தார். "கேட்டயா? நாஞ் சொன்னப்ப நீ நம்பவே இல்லியே. மாப்ளயே பாத்தாராமா" என்றார்.