ராத்தா வாங்கமாட்டா

ஹோட்டல் வரவேற்பு மேசையில் புதிதாக உட்காரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது எங்கள் ஹோட்டல். புறப்படும் வெளிநாட்டவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள், யார் யாருக்கு டிப்ஸ் கொடுப்பது என்று. நான் சொல்வதுதான் தீர்ப்பு. திமிங்கிலம் காட்டிய படகோட்டி, சாப்பாடு பரிமாறியவர் என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த டிப்ஸ் பெட்டியையும் காட்டுவேன். பெட்டியில் விழுவது நிரந்தர ஊழியர்களுக்கு. எனக்கும் அதில் பங்கு உண்டு.

அறைகளைத் துப்புரவாக்கிய ஜெசீமாவை, முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல, ராத்தா என்போம்; விரிகுடாவின் அக்கரையிலுள்ள மூதூரிலிருந்து வருபவர். நாட்கூலி. பெட்டியில் அவருக்குப் பங்கில்லை.

ஒருநாள் வயதான தம்பதி ஒன்று, படியோரம் துவாய்க் கட்டோடு நின்ற அவரைக் காட்டி, கையில் நோட்டுடன் விசாரித்தது. "அவர் முஸ்லிம் பெண். அந்நியர் கையால் பணம் வாங்குவதை அவமானமாக நினைப்பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படி எனக்கு யாரும் சொன்னதில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அவர்கள் சங்கடப்பட்டு நோட்டைப் பெட்டியில் போட்டார்கள்.

அவர்கள் போனதும் ராத்தா கிட்ட வந்தார்.

"என்ன சேர், என்னக் காட்டி என்னமோ கதச்சாங்க?"

"அறை நல்ல கிளீனாம், ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ். கதையோட விட்டுட்டாங்களா? பரவாயில்ல, முன்னம் வந்தவங்க அதுவும் சொல்லல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு கேட்டவர்கள் எல்லோருக்கும் அதையே சொன்னேன். படித்த மனிதன் பிறருடைய வழக்கத்தை மதித்துப் பேசுவதுபோல அது ஒலித்தது. போகப்போக நானே பாதி நம்பினேன்.

பின்னர் முறைப்பாடுகள் வரத் தொடங்கின. படுக்கை விரிப்பில் தலைமுடி, குளியலறை மூலையில் அழுக்கு. முதலாளி என்னை விசாரிக்கச் சொன்னார்.

"ராத்தா, கண் தெரியுதில்லையோ?"

"கிட்டக் கிடக்கிறது மங்கலாத்தான் இரிக்கி சேர். டொக்டர் கண்ணாடிக்கு எழுதித் தந்திட்டாரு. நாட்கூலில எங்க மிஞ்சிற? வாறவங்க ஏதும் கையில வெச்சா எடுத்திருவன். இஞ்ச ஒருத்தரும் தாறாங்க இல்லயே. மத்த ஆக்களுக்குக் குடுக்கிறாங்க. என்ட வேலைல என்ன குறை சேர்?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். "வெள்ளைக்காரர் கஞ்சர் ராத்தா" என்றேன்.

அடுத்த முறைப்பாடு வந்ததும் அவரை வேலையிலிருந்து நிறுத்தும்படி முதலாளி சொன்னார். அதை அவரிடம் சொன்னதும் நான்தான்.

"சேர், முதலாளிக்கிட்ட நீங்க ஒரு கதை கதைங்களன். கண்ணாடி எடுக்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

"ஏலாது ராத்தா. அவர் முடிவெடுத்திட்டார்."

 அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "நீங்க என்ன செய்யிற சேர்? உங்கட கையிலயா இரிக்கி?"

பிள்ளைகளே, யாருக்குக் கொடுப்பது என்று விருந்தினர் கேட்டால், அறை கூட்டியவரைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்துங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். இன்னொருவருடைய மானத்தைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசும்போது, அதில் நமக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

மூதூர் தூரமில்லை. இப்போது பாலங்களும் உண்டு. போய் உண்மையைச் சொன்னால், "அதுக்கென்ன சேர்" என்று உட்காரக் கதிரை எடுத்துப் போடுவார். அதற்குப் பயந்தே நான் இன்னும் போகவில்லை.