ஒரு குடம் தண்ணீர்

ஒட்டுத்தாடிப் பசையின் நெடி இன்று மறுபடியும் மூக்கில் ஏறியது. செஞ்சிக் கோட்டையில் படப்பிடிப்பு. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவருக்குத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் அப்பா, நைனாவின் முகத்திலும் அந்தக் காலத்தில் அதே நெடிதான். இங்கே எந்தப் படம் எடுத்தாலும் அவர் ஈட்டி பிடித்த சிப்பாய். பல வருஷம் வாய் திறக்காமல் நின்றவருக்கு, எனக்கு எட்டு வயதானபோது முதன்முதலாக ஒரு வசனம் கிடைத்தது: “அரசே, கோட்டையில் ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை!” ஒரு வாரம் சோறு பிசையும்போதுகூட அதையே சொன்னார். எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

படப்பிடிப்பு அன்று கூட்டத்தில் நிற்க என்னையும் அழைத்துப்போனார். கேமரா முன்னால் மூன்று தடவை உளறினார். டைரக்டர் கத்தினார். நைனா தலையைச் சொறிந்தார். “எனுக்கு வரல சார். எம் பொண்ணு சொல்லும், கேட்டுப் பாருங்க.”

சொன்னேன். கை தட்டினார்கள். அந்த வசனம்தான் என்னை நடிகையாக்கியது. நைனாவை நினைத்து அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கிணற்றடியில் பசையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. கிணற்றுக்குள் பார்த்து அதே வசனத்தைச் சொன்னார், ஒரு பிசகும் இல்லாமல், கணீரென்று.

கேட்டுவிட்டேன் என்று அவர் சாகும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை.

“எனுக்கும் இன்னிக்கு ஒரு டயலாக் குடுத்துருக்காங்கம்மா” என்றார் பக்கத்து நாற்காலிப் பெரியவர்.

நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். “சொல்லுங்க, நான் கேக்கறேன்.”