என் பிளாஷ், அவர் விரல்

இன்று காலை கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணம். கேமரா நான்.

ஸ்டாண்டில் நிற்கும் பிளாஷை வயரில்லாமல் அடிக்க வைக்கும் டிரிக்கரைப் போன வாரம்தான் வாங்கினேன். சேனல் மாற்றும் பட்டன் உள்ளதும் கடையில் இருந்தது. நம் ஊரில் அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இன்று நான் கேமராவைத் தொடாதபோதே பிளாஷ் அடித்தது.

மணப்பெண் கண்ணைக் கசக்கினாள். "இன்னாண்ணா, சும்மா சும்மா அடிச்சிக்கினே இருக்கீங்க?"

"நான் அடிக்கலம்மா" என்றேன். யாரும் நம்பவில்லை.

பக்கத்து மண்டபத்திலும் கல்யாணம். ஓடிப்போய்ப் பார்த்தால், அங்கிருந்த கேமராக்காரரிடமும் அதே டிரிக்கர், அதே சேனல். அவர் அமுக்கினால் என் லைட்டும் அடிக்கிறது, நான் அமுக்கினால் அவருடையதும்.

"நீங்க எடுக்கும்போது நான் நிறுத்திக்கிறேங்க" என்றேன்.

"அதெப்படிங்க? ரெண்டு பேருக்கும் ஒரே முகூர்த்தமாச்சே!"

திரும்பி ஓடி வருவதற்குள் கெட்டிமேளம். அவர் ஒரு நொடி முந்திவிட்டார். என் பிளாஷ் அவருக்காக அடித்து ஓய்ந்தது. நான் அமுக்கியபோது அதில் மறுபடி சார்ஜ் ஏறியிருக்கவில்லை. தாலி கட்டும் படம் இருட்டு. இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா?

மாலையில் கள்ளக்குறிச்சிக்குப் போய், சேனல் மாற்றும் டிரிக்கரையே வாங்கினேன்.

கடைக்காரர் சிரித்தார். "இப்பதான் சார், கச்சிராயபாளையம் கல்யாணத்துலேர்ந்து ஒருத்தரு வந்து இதையே வாங்கிக்கினு போனாரு."

அவருடைய போன் நம்பர் என்னிடம் இல்லை.

அண்ணே, நான் மூன்றாம் சேனலில் வைத்திருக்கிறேன். நீங்கள் எதில் என்று கமெண்டில் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்தம் இருக்கிறது.