முள் முளைத்த இரத்தம்

அம்மாவின் இரத்தத்தில் முள் முளைப்பதை நான் பார்த்தது ஒரு ஜூன் மாதக் காலையில். ஆம்பூரில், தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில், ஜன்னலோரம் ஓர் உப்புப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்திருந்தேன்.

அது என் சொந்தக் கருவி அல்ல. வேலூரில் நான் படித்துக்கொண்டிருந்த பெண்கள் மருத்துவப் பள்ளியில், புதியவை வந்தபின் அலமாரிக்குப் போய்விட்ட பழைய பித்தளைக் கருவி. இரண்டாம் ஆண்டின் நடுவில் அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வருகிறதென்று நைனா ஆள் அனுப்பினார். வீட்டில் நான் ஒரே பெண். பள்ளித் தலைவியான டாக்டரம்மா கருவியோடு, கிருமிக்கு நிறம் ஏற்றிக் காட்டும் சாயம் ஒரு புட்டியும் ஒரு டஜன் கண்ணாடித் தகடுகளும் கொடுத்து, “கிருமி போய்விட்டதென்று உன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வா. ஜூலை முதல் வாரம் வரை உன் இடத்தை வைத்திருப்பேன். அதற்கு மேல் முடியாது, வேறொரு பெண் காத்திருக்கிறாள்” என்றார்.

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அந்தக் கர்வத்தை நான் ஒருபோதும் ஒளித்துவைத்ததில்லை. தெருவில் தண்ணீர் எடுக்கப் போனாலும் பள்ளியில் கட்டுவதுபோல மடிப்பு வைத்துத்தான் புடவை கட்டினேன். ஆனால் காலை ஒன்பது மணியானால் மனம் அடங்காது. அங்கே இப்போது எலும்புப் பாடம் தொடங்கியிருக்கும். என் இருக்கை காலியாக இருக்கும், அல்லது யாராவது அதன் மேல் புத்தகத்தை வைத்திருப்பார்கள். கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டே மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும் வாய்விட்டுச் சொல்வேன். வேலூர்ப் பக்கம் போகும் ரயில் கூவினால் களி கிண்டும் துடுப்பு தானாக நின்றுவிடும்.

மூன்று நாளுக்கொரு முறை அம்மாவின் விரலில் ஊசி குத்துவேன். ஆரம்பத்தில் கிருமிகள் இருந்தன. சிவப்பணுக்களுக்குள் கறுப்புப் பொடியோடு சுருண்டு கிடந்தன. கொயினா மருந்து கொடுக்கக் கொடுக்கக் குறைந்தன. பக்கத்து வீட்டு அத்தை வாசற்படியில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

“இன்னாமே, உங்கம்மாவ குத்திக் குத்தி இன்னாத்த பாக்குற? உள்ள மாப்பிள்ளை எவனாச்சும் கீறானா?”

“கீறான் அத்த. உன்னப் பாத்துட்டு ஒளிஞ்சிக்கினான்.”

“அதுங்கிட்ட வாயக் குடுக்காத” என்று படுத்தபடியே சொல்வாள் அம்மா. “கோவம் வந்தா இங்கிலீசுல திட்டும். நாம நல்லா வாழ்த்துதுன்னு நெனச்சிக்கினு சிரிப்போம்.”

மே மாதத்தில் காய்ச்சல் நின்றது. சாயமும் தீர்ந்தது. அதனால் சாயமில்லாமல், ஈர இரத்தத்தையே ஒரு துளி வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடிப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. அம்மாவும் எழுந்து நடமாட ஆரம்பித்தாள். நான் டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டினேன்.

பிறகுதான் அந்தக் காலை. துளியில் அணுக்கள் முதலில் வழுவழுப்பான வட்டங்களாகத்தான் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றின் ஓரம் சுருங்கியது. பக்கத்திலிருந்ததும் சுருங்கியது. பத்து நிமிடத்துக்குள் கண்ணுக்கெட்டிய அணுக்களெல்லாம் ஊமத்தங்காய்போல உடம்பு முழுக்க முள்ளாக நின்றன. மூடிய கண்ணாடிக்கு அடியில் துளி காய்ந்துபோனதால்தானோ என்று பார்த்தேன், ஈரமாகவே இருந்தது. மறுநாள் குத்தினேன், முள். அதற்கு மறுநாளும் முள்.

எனக்கு முதலில் வந்தது அம்மாவைப் பற்றிய பயம் அல்ல என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். ‘என் இடம் போயிற்று’ என்பதுதான் முதலில் வந்தது. நோயாளியை விட்டுவிட்டுப் போக முடியாது, ஜூலைக்கு இருபது நாள்கூட இல்லை. இரண்டாவதாக வந்தது அதைவிட மோசம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வியாதி, தோல் ஷாப்புத் தெருவில் மட்டும் இருப்பது, கண்டுபிடித்தவள் நான். டாக்டரம்மாவுக்கு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். முட்களை வரைந்து நிழல்கூடத் தீட்டினேன். மூன்றாவதாகத்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் வெற்றிலை மென்றுகொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தாள்.

ஷாப்பில் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி வேலை முடிந்து வந்த நைனா, ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்துத் தயங்கி நின்றார். அவர் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து வெடித்திருக்கும்.

“இன்னா கண்ணு, அம்மாவுக்கு மறுபடியும் ஜாஸ்தியா?”

“உனுக்குச் சொன்னா புரியாது நைனா.”

அவர் கால் கழுவப் போனார்.

கடிதத்தை உறையில் போடுமுன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பள்ளியில் எங்களுக்கு அடித்துச் சொன்ன பாடம் அது. என் விரலைக் குத்திக்கொண்டேன். கால் மணி நேரத்தில் என் இரத்தமும் ஊமத்தங்காயாகிவிட்டது. எனக்கும் வந்துவிட்டதே என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு யோசித்தேன். இரண்டு பேர் இரத்தத்துக்கும் பொதுவானது எது? தகடுதான். தகடுகள் வந்த டப்பாவின் அடியில், காகிதத்துக்குக் கீழே, நான் மறந்துபோன ஒரு தகடு இருந்தது. தூசி படிந்து மங்கலாக இருந்ததை ஊதிவிட்டு என் இரத்தத்தை அதில் வைத்தேன். காத்திருந்தேன். வட்டம் வட்டமாகவே இருந்தது.

தகடுகள் கழுவி வைக்கும் பின்பக்கத்துக்குப் போனேன். அம்மா குந்தியிருந்தாள். முன்னால் ஒரு கொட்டாங்கச்சியில் காய்ந்த சுண்ணாம்புத் தூள். எங்கள் தெருவில் லாந்தர் கண்ணாடியை அப்படித்தான் துலக்குவார்கள். ஷாப்பிலிருந்து ஆண்கள் கொண்டுவரும் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, காயவிட்டு, துணியால் தேய்த்தால் புதுசாகிவிடும். அம்மா என் தகடுகளை ஒவ்வொன்றாக அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா பண்ற?”

“தெரியல? நீ வெறும் தண்ணில அலம்பிட்டு வெச்சிட்ற. மங்கலாவே கீது.”

“எத்தினி நாளா இந்த வேல?”

“எழுந்து நடமாடறதுல இருந்துதான். ஏன், கீறல் வுழுந்துட்சா?”

“உன்ன யாரும்மா தேய்க்கச் சொன்னா?”

“நீதான சொன்ன, கண்ணாடியில ஒன்னும் தெரியலன்னா இஸ்கோலுக்குப் போய்டுவேன்னு. அழுக்கு தெரிஞ்சி, அத நீ காய்ச்சல்னு நெனச்சிக்கினு இங்கியே ஒக்காந்துட்டீன்னா? அதான் அழுத்தித் தேய்ச்சேன்.”

கண்ணுக்குத் தெரியாமல் தகட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்புதான் இரத்தத்தைச் சுருக்கியிருக்கிறது. அவளிடம் அதைச் சொன்னேன். கையிலிருந்த துணியை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

“அப்போ என்னாலதான் பேஜாரா?”

“இல்லம்மா. நான்தான் மூணு நாளா கண்ணாடியப் பாக்காம உன் ரத்தத்தையே பாத்துக்கினு இருந்தேன்.”

தகடுகளைக் கொதித்து ஆறிய தண்ணீரில் பலமுறை கழுவிக் காயவைத்து அவள் விரலைக் குத்தினேன். முள் இல்லை, கிருமி இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை.

“சுத்தமா கீது” என்றேன்.

“அப்போ கெளம்பு” என்றாள். இத்தனை மாதங்களாக நான் கேட்க ஏங்கிய சொல் அது. அவள் அதைச் சட்டென்று, என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான்கு பக்கக் கடிதத்தை அந்த அடுப்பில்தான் போட்டேன். நைனாவை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தேன். “மழ பேஞ்ச தண்ணி மேல முட்ட முட்டயா வருமே, அது மாதிரி கீதும்மா” என்றார்.

கிளம்புவதற்கு முன் அம்மாவுக்கு ஒன்று கற்றுக்கொடுத்தேன். விரலைக் குத்தி, தகட்டில் துளி வைத்து, இன்னொரு தகட்டின் ஓரத்தால் மெல்லிய பூச்சாக இழுத்துக் காயவைப்பது. காய்ச்சல் திரும்புகிறதா என்று நான் பள்ளியில் பார்க்க வேண்டுமே. பள்ளித் தகடுகளில் சிலவற்றை அவளிடமே விட்டுவந்தேன். மாதம் ஒரு ஞாயிறு நைனா அதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து ரயிலில் கொண்டுவருகிறார். மற்றப் பெண்களுக்கு வீட்டிலிருந்து கடிதம் வரும். எனக்குத் தகடு வரும். ஒரு நிமிடத்தில் பார்த்து முடிக்க வேண்டியதை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறேன். பூச்சு எங்கே தடித்திருக்கிறதோ அங்கே அவள் கை நின்று யோசித்திருக்கிறது.

போன மாதம் வந்த தகட்டில் பூச்சே இல்லை. அவசரமோ என்னவோ, இரத்தத்தோடு கட்டைவிரலை அப்படியே அழுத்தியிருந்தாள். ரேகைகள் சுருள் சுருளாகக் காய்ந்திருந்தன.

“நல்லாத்தான் கீறா. களி ரெண்டு உருண்ட துன்றா” என்றார் நைனா. “இது சரியா வந்துகீதான்னு கேக்கச் சொன்னா.”

“ரொம்ப நல்லா வந்துகீதுன்னு சொல்லு.”

அதில் ஓர் அணுவைக்கூடத் தனியாகப் பார்க்க முடியாது. பரிசோதனைக்கு உதவாத தகட்டை உடனே கழுவித் திருப்பித் தருவதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்து விதி. சனிக்கிழமை எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. மேற்பார்வை செய்பவர் என்னைக் கேட்டார். உடைந்துவிட்டது என்று சொன்னேன். என் கையில் இதுவரை எதுவும் உடைந்ததில்லை என்பதால் அவர் நம்பிவிட்டார்.