தேர் நன்றாகத் தெரியும் இடம்

உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து கோணல். சின்ன ர, பெரிய ற எங்கே வரும் என்று இன்றும் தடுமாறுவேன். அச்சகத்தார் திருத்தியதுபோக மிச்சமுள்ள பிழைகள் என்னுடையவை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் மறைந்த என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இந்த நினைவஞ்சலித் தாளில் எழுதுகிறேன்.

அக்கா கொள்ளேகாலை அடுத்த ஹனூருக்குப் பக்கத்தில் பிறந்தார். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது அவருக்குப் பதினாறு வயது. என்னை அழைத்துக்கொண்டு மைசூருக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றவர் எனக்குச் செய்துவைத்தார். நானும் மனைவியும் ஹெப்பாள் கம்பெனிக்கு விடியுமுன் பஸ் ஏறிவிடுவோம். என் மகள் கவிதாவை வளர்த்தது அக்காதான்.

அக்காவைப் பற்றி நம் உறவில் ஒரு பேச்சு உண்டு. குடிபோன அன்றே வீட்டுக்கார அம்மாளிடம் சண்டை போட்டு, எங்களைத் தெருவில் நிறுத்தியவர் என்று. கல்யாண வீடுகளில் மாமா கேட்பார், "என்ன புள்ள, இந்த வீட்லயாவது காய்ச்சுன பால் ஆடை கட்டற வரைக்கும் இருப்பியா?" அக்காவும், "என்ற வாய் சும்மா இருக்குமா மாமா?" என்று சிரித்துவிடுவார். நான் பக்கத்தில் பேசாமல் நிற்பேன்.

அது உண்மையில்லை. நடந்தது இதுதான்.

கவிதாவுக்கு அப்போது எட்டு வயது. அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு மாடி வீடு கிடைத்தது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். "கொள்ளேகால் பக்கம், விவசாயக் குடும்பம்னு சொல்லுங்க. அதுக்கு மேல வாயத் திறக்காதீங்க" என்றார் புரோக்கர். கவிதாவுக்கும் சொல்லிவைக்கலாம் என்றேன். "குழந்தைக்குப் பொய் சொல்லித் தராதடா" என்று அக்கா தடுத்துவிட்டார்.

தை வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினோம். முதல் டம்ளரை அக்கா வீட்டுக்கார அம்மாளுக்குக் கொடுத்தார். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே கவிதாவிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"ஊர்த் திருவிழாவுக்குப் போவியா பாப்பா? தேர் உங்க வீட்டு வாசலுக்கு வருமா?"

அக்காவின் கரண்டி பாதியில் நின்றது. நான் கதவருகே இருந்தேன்.

"எங்க காலனிக்கு வராது ஆன்ட்டி. நாங்க ரோட்டு முக்குல நிப்போம். அங்கிருந்துதான் நல்லாத் தெரியும். எங்க அத்தைதான் சொன்னாங்க" என்றாள் கவிதா, பெருமையோடு.

யார் தெருவுக்குத் தேர் வராது என்பது நமக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரிந்திருந்தது. டம்ளரைக் குடிக்காமல் தரையில் வைத்தார். கையைப் புடவையில் துடைத்தார். "என் மகன் திரும்பி வர்றானாம். சாயங்காலத்துக்குள்ள சாமானை எடுத்துடுங்க" என்று என்னிடம் சொன்னார். சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"ஆன்ட்டி பால் குடிக்கலையே" என்றாள் கவிதா. அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் அக்காவைப் பார்த்தாள்.

"அத்தே, நல்லாத் தெரியும்னுதானே அங்க நிக்கிறோம்?"

அதுவரை அக்கா அந்தக் குழந்தையிடம் சொல்லியிருந்த ஒரே பொய் அதுதான். இன்னொரு முறை அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கீழே இருந்த பாலை எடுத்துத் தானே குடித்தார். பிறகு பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்.

ஆட்டோவில் கவிதா கேட்டாள், "நான் சொன்னதாலயா அத்தே?"

"இல்ல சாமி. அத்தை அவங்ககிட்ட கொஞ்சம் வாய் விட்டுட்டேன்."

அவள் அதை நம்ப வேண்டும் என்றுதான் உறவு முழுவதும் அப்படியே சொல்லிவைத்தார். கடைசிவரை மாற்றவில்லை.

கவிதா அந்த வருஷம் திருவிழாவுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். யாராவது ஊர் கேட்டால் "மைசூரு" என்பாள். சொல்லிவிட்டுக் கேட்டவர் முகத்தையே பார்ப்பாள். இன்று கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் பார்வை போகவில்லை.

அக்கா படுக்கையில் இருந்தபோது அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது, "நீங்க சண்டையே போடலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தே" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் கண்ணு கேக்கல?"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னது வீணாப் போகக்கூடாதுன்னுதான்."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவோடு வேலை செய்து கடைசியில் மாறி மாறிக் கண்விழித்த ஆயாம்மாக்களுக்கும், பாடை தூக்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி. மாமாவுக்கும் நன்றி, செலவு பாராமல் ஊரிலிருந்து எல்லாரையும் அழைத்து வந்தார். மாமா, அக்கா அன்று யாரோடும் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டியவன் நான். கதவருகே நின்றிருந்தேன்.

மைசூரு,
தை மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.