கிணற்றில் வந்த ஓடுகளைப் பார்க்கப் போன கதை

காலை 7.30. கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. வட்டுக்கோட்டைக்குப் பதினொரு கிலோமீற்றர் அளவில் வரும். ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்றார் சாரதி. மகள் தர்சிகா கையில் அளவுநாடாவோடு முதலில் ஏறினாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடித்துவிட்டாள். எதைச் சிறப்புப் பாடமாக எடுப்பது என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பண்டைய நாகரிகங்களைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

எனக்கு அது பிடிபடவேயில்லை. யாரோ இதை அவள் தலைக்குள் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். அவளுடைய போனில் வருகிற பெயர்களை ஒரு கிழமையாகக் கவனித்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

வட்டுக்கோட்டையில் என் மனைவியின் தம்பி கிணறு வெட்டியபோது கறுப்பும் சிவப்புமான பழைய பானை ஓடுகள் வந்தனவாம். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுப்பேன் என்றாள். பார்க்காவிட்டால் மனம் மாறிவிடும் என்று நினைத்தேன். முதல்நாளே மச்சானுக்குப் போன் எடுத்து, ஓடுகள் அவள் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இது தெரியாது.

ஆனைக்கோட்டை தாண்டும்போது சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"அண்ணை, காணி அளக்கவோ போறியள்?"

"இல்லை, மச்சான் வீட்டை போறம்."

"அப்ப நாடா என்னத்துக்கு?"

சங்கானை வந்தும் அவர் எங்களை நம்பவில்லை.

8.05. மச்சான் படலையைப் பாதிதான் திறந்தார். புகையிலைத் தோட்டத்துக்கு அப்பால் புதுக் கிணறு தெரிந்தது. மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் மனிதர் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, எங்கடை கிணத்துக்குள்ளை ஓடு கீடு ஒண்டும் வரேல்லை."

"நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே மாமா."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் புகையிலையைப் பார்த்தேன்.

கிணறு வெட்டும்போது பழசு எதுவும் வந்தால் சத்தமில்லாமல் மூடிவிடுவது இந்தப் பக்கத்தில் வழக்கம். வெளியே தெரிந்தால் யாராவது வந்து வேலி போட்டுக் காணியைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

மகள் குசினிக்குள் அடுப்படியில் மாமியோடு கதைத்துக்கொண்டிருந்த நேரம் மச்சான் என் காதோடு சொன்னார்:

"பயப்பிடாதேங்கோ அத்தான். கிணத்துக்கு மேற்காலை, தென்னையடியிலை கிடங்கு கிண்டி ஓடெல்லாத்தையும் சாக்கோடை தாட்டுப்போட்டன். பழைய மருந்துப் போத்தில், சிரட்டை எல்லாத்தையும் மேலை போட்டு மூடியாச்சு."

நான் கேட்டதற்கு மேலேயே செய்திருந்தார்.

11.00. ஒரு ஓட்டையும் பார்க்காமலே கிளம்பினோம். திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் இருக்கை கிடைத்தது. மகள் மெல்லச் சொன்னாள்:

"ஓடு எந்த ஆழத்திலை கிடந்தது, பக்கத்திலை என்ன கிடந்தது எண்டதுதான் முக்கியம் அப்பா. இடம் மாறினா அது வெறும் உடைஞ்ச பானை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"நான்தான் மாமாவுக்குப் போன் எடுத்தனான்."

"மாமா உங்களைப் பாத்த உடனையே விளங்கீற்றுது. திங்கட்கிழமை அந்தப் பாடத்தைத்தான் எழுதிக் குடுக்கப் போறன். சரி, எங்கை தாட்டவர்?"

"உனக்கு அது என்னத்துக்கு?"

பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். தென்னையடி, சாக்கு, போத்தில், சிரட்டை என்று ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினாள். கீழே 'தகவல் தந்தவர்: அப்பா' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.