உளுந்தில் கலந்த பீரங்கிகள்

கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்ததா என்று கேளுங்கள், சொல்கிறேன். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், நாள் முழுக்கச் சொல்கிறேன். பேரப்பிள்ளை எடுத்தவள் பிளாஸ்டிக் போர்க்கப்பல் செய்யப் போன கதை உங்களுக்கு எதற்கு? வேறு வேலை இல்லையா? அடுப்பில் வைத்தது தீய்கிறதா என்று போய்ப் பாருங்கள். போக மாட்டீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள்.

சென்னையில் இருக்கும் என் மகன் தன் பிள்ளைக்கு வாங்கிய பெட்டி அது. பிள்ளை அதைத் திறக்கவே இல்லை. பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சி வந்தபோது எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போனார்கள். மூடியில் பெரிய கப்பல் படம். கடலையே நான் பார்த்தது மாசி மகத்துக்குக் கடலூர் போனபோதுதான். அன்றும் முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். கப்பல் கண்ணில் பட்டதே இல்லை. ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் வரலாமா என்று ஆசையிடம் யார் கேட்பது?

பெட்டிக்குள் கப்பல் இல்லை. சாம்பல் நிறத்தில் குச்சிச் சட்டங்கள், அவற்றில் காய்த்துத் தொங்குவது போலச் சின்னச் சின்னத் துண்டுகள். கூடவே ஒரு தாள். அதில் படமும் நம்பரும்தான் இருந்தன. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இது போதாதா? பஸ்ஸில் நம்பர் பார்த்து ஏறி, வெள்ளிமலை வரை தனியாகப் போய்வருகிறவள் நான்.

நகவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முருங்கைக்கீரையை எப்படி ஆய்வோம்? மொத்தத்தையும் உருவிக் காம்பை எறிந்துவிட்டுத்தானே மற்ற வேலை? அப்படியே செய்தேன். துண்டுகளையெல்லாம் வெட்டி முறத்தில் போட்டேன். சட்டங்களைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்துதான் தாளை நன்றாகப் பார்த்தேன். நம்பரெல்லாம் அந்தச் சட்டத்தில்தான் இருந்திருக்கிறது.

எது பீரங்கி, எது கம்பம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வருகிற சத்தம் கேட்டது. வயதில் என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. அவள் கண்ணில் பட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். கிழவி பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்பார்கள். அன்று காலை பாய் கடையில் வாங்கிய கறுப்பு உளுந்தை அவசரமாக முறத்தில் கொட்டி மூடினேன்.

முறத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள்.

"குடுக்கா, நான் பொடைக்கிறேன். கைவலின்னு சொல்லிக்கினு இருந்தியே."

"வேணாண்டி, சுத்தமாத்தான் இருக்குது."

"இன்னா சுத்தம்? இம்மாந் தூசி!"

பிடுங்கிக்கொண்டாள். நாலு புடை புடைத்ததும் உளுந்து முறத்தில் நின்றது, லேசான துண்டுகள் பறந்து வாசலில் விழுந்தன. கோழிகள் ஓடி வந்தன. அவள் முறத்தின் ஓரத்தில் தங்கிய ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"யக்கா, இது பிளாஷ்டிக்கு! அரிசியில கலக்குறாங்கன்னு போன்ல வந்துச்சே, இப்ப உளுந்துலயுமா? எங்க வாங்குன?"

அப்போதே சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "பாய் கடையில" என்பது மட்டும்.

முறத்தைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். வழியில் இன்னும் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். இந்த முனையில் சொல்லிவிடலாம், அடுத்த முனையில் சொல்லிவிடலாம் என்று நான் பின்னாலேயே போனேன். கடையே வந்துவிட்டது.

பாய் எடையில் ஒருநாளும் கம்மி பண்ணாதவர். அவருடைய அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டுச் சாமான் அங்கேதான்.

"இன்னா பாய், புள்ளைங்க துன்ற பொருள்ல இப்பிடியா கலப்படம் பண்ணுவீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பாய் முறத்தைப் பார்த்தார். உள்ளே போய் உளுந்து மூட்டையை இழுத்து வந்தார். எல்லோரும் பார்க்கக் கடை வாசலிலேயே கவிழ்த்தார்.

"தேடும்மா. ஒரு துண்டு கெடைச்சாலும் கடைய சாத்திட்றேன்."

பெண்கள் உட்கார்ந்து கிளற ஆரம்பித்தார்கள். சாமான் வாங்க வந்த ஒருவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் போவதையே பாய் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"உளுந்துல வந்தது இல்ல அது. என்னுது," என்றேன். "கப்பலு. நான் செய்யறது."

"இன்னாது?"

"பொம்மக் கப்பலுடி. சண்டக் கப்பலு. நீ கடிச்சியே, அது பீரங்கியா இருக்கும்."

பக்கத்து வீட்டுக்காரி உளுந்தின் மேலேயே சாய்ந்து சிரித்தாள். "யக்கா, யாரு மேலக்கா சண்டைக்குப் போற? மருமவ மேலயா?"

இந்தச் சிரிப்புக்குப் பயந்துதானே அத்தனையும்? அது அவ்வளவாகச் சுடவில்லை. பாய் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

"வூட்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேம்மா," என்றார். அதட்டியிருந்தால்கூடத் தேவலை. மண்ணோடு கிடந்த உளுந்தைக் குனிந்து அள்ளப் போனேன். "வேணாம்மா, போங்க," என்றார்.

முறத்தை வாங்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி வீடு வந்தேன். மிச்சமிருந்த துண்டுகளைப் படத்தோடு வைத்து வைத்துப் பார்த்து ஒட்டினேன். பீரங்கி பாதி இல்லாமல் கப்பல் ஒரு மாதிரி நின்றது. எங்கள் தெரு சிரித்து ஓய்ந்துவிட்டது. ஆனால் அடுத்த தெருவில் இன்னும், பாய் கடை உளுந்தில் பிளாஸ்டிக் என்றுதான் பேச்சாம்.

அப்புறம் ஒருநாள் அதே பெண்கள் கூட்டமாக வந்து கப்பலைக் காட்டச் சொன்னார்கள். நான் கதவை மறித்துக்கொண்டு சொன்னேன்:

"சும்மால்லாம் காட்டமாட்டேன். போயி பாய் கடையில ஆளுக்கு அரை கிலோ உளுந்து வாங்கிக்கினு வாங்கடி. அடுத்த தெருக்காரிங்க நிக்கிற நேரமாப் பாத்து, அவளுங்க காதுல வுழற மாதிரி சத்தமாக் கேட்டு வாங்கணும்."